ஒரே அயனி, இருவேறு பொறியமைவுகள்: இதய, தசை நோய்களில் கால்சியம் கால்வாய்களின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

இதயத் தசையும் எலும்புத் தசையும் கால்சியம் அயனியின் தூண்டலால் சுருங்குகின்றன. ஆயினும் அத்தூண்டல் நிகழும் முறை இரண்டிலும் வேறுபடுகிறது. இதயத்தில் கால்சியம் கால்வாய் வெளிக்கால்சியத்தை உள்ளே விடும் வாயிலாக அமைகிறது. எலும்புத் தசையில் அதே குடும்பத்தைச் சேர்ந்த புரதம் மின்னழுத்த மாற்றத்தை உணர்ந்து அடுத்த புரதத்தை இயக்கும் நெம்புகோலாக அமைகிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டு மயக்கமருந்து வெப்பமிகைவு, பொட்டாசியக் குறைவுக் காலமுறை வாதம், அட்ரினலின் தூண்டும் கீழறை மிகைத்துடிப்பு, திமோத்தி நோய்க்குறித் தொகுப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு மூலக்கூற்றின் பெயரை மட்டும் கொண்டு நோயையோ மருந்தையோ மதிப்பிடுவதில் உள்ள இடரும் எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கால்சியம் கால்வாய், ரையனோடின் ஏற்பி, சார்கோபிளாச வலை, வெப்பமிகைவு, டான்ட்ரோலீன், இதய மிகைத்துடிப்பு

முன்னுரை

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவரான சிட்னி ரிங்கர், 1882ஆம் ஆண்டு தவளையின் இதயத்தை உடலினின்று பிரித்தெடுத்து, உப்புக் கரைசலில் துடிக்கவைத்து ஆராய்ந்து வந்தார். இதயம் நெடுநேரம் துடித்தது. கரைசலுக்குப் பயன்படுத்திய நீர் காய்ச்சி வடித்த நீரன்று, நகரக் குழாய்நீர் என்பது பின்னரே அவருக்குத் தெரியவந்தது. தூய நீரில் அதே கரைசலை மீண்டும் ஆயத்தம் செய்தபோது இதயத்தின் சுருக்கம் படிப்படியாகத் தளர்ந்து நின்றது. குழாய்நீரில் கரைந்திருந்த சிறிதளவு கால்சியமே இதயத்தை இயக்கியது என்பதை அவர் 1883இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். இன்று மருத்துவமனைகளில் 'ரிங்கர் லாக்டேட்' என்று வழங்கும் சிரைவழிக் கரைசலின் பெயரும், அதிலுள்ள கால்சியமும் அந்த ஆய்வின் எச்சங்களே.

ரிங்கரின் இம்முடிவைப் பயில்வோர் எல்லாத் தசைகளுக்கும் அதனைப் பொதுவாக்கிவிடுவதுண்டு. 'கால்சியம் இல்லையேல் சுருக்கம் இல்லை' என்பது உண்மைதான். ஆனால் அக்கால்சியம் எங்கிருந்து வரவேண்டும் என்ற வினாவுக்கு இதயமும் எலும்புத் தசையும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. தவளையின் கால் தசையைக் கால்சியம் அற்ற கரைசலில் இட்டு மின்தூண்டல் அளித்தால் அது தொடர்ந்து சுருங்குகிறது. 1972இல் ஆம்ஸ்ட்ராங், பெசனில்லா, ஹொரோவிச் ஆகிய மூவரும் ஒற்றைத் தசைநாரைக் கொண்டு இதனை ஐயத்திற்கிடமின்றிக் காட்டினர். வெளிக்கால்சியத்தை ஏறத்தாழ முற்றிலும் பற்றி நீக்கிய பின்னரும் தசைநார் துடித்தது. அதே நிலையில் இதயமோ நின்றுவிடும். கால்சியம் கால்வாய் நோய்கள் பலவற்றின் போக்கையும், அவற்றிற்கான மருந்துகளின் வெற்றி தோல்விகளையும் புரிந்துகொள்வதற்கு இவ்வேறுபாடே திறவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்து.

கலைச்சொல் குறித்து ஒன்று கூறுதல் வேண்டும். அயனிகள் செல்லும் புரதத் துளையைக் 'கால்வாய்' என்றே பாடநூல்கள் வழங்குவதால் இங்கும் அச்சொல்லே ஆளப்படுகிறது. எனினும் கால்வாய் என்றதும் இடையறாது ஓடும் நீரே நினைவில் எழுகிறது. இப்புரதங்களோ பெரும்பாலான நேரம் மூடியிருந்து, குறித்த நேரத்தில் ஆயிரத்தில் சில பங்கு நொடி மட்டும் திறப்பவை. ஏரியின் மதகு என்பதே பொருளுக்கு நெருங்கிய சொல்லாகும்.

வாயிலும் நெம்புகோலும்

ஓய்வு நிலையிலுள்ள தசைச் செல்லினுள் தனித்தியங்கும் கால்சியத்தின் செறிவு ஏறத்தாழ 100 நானோமோலார். செல்லுக்கு வெளியே அது 1 முதல் 2 மில்லிமோலார் வரை இருக்கும். அதாவது வெளியே பத்தாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட செறிவு நிலவுகிறது. செல்லினுள்ளேயே சார்கோபிளாச வலை என்னும் சேமிப்பறையிலும் கால்சியம் செறிந்துள்ளது. செல்லினுள் கால்சியம் சற்றே உயர்ந்தாலும் அது ட்ரோபோனின் என்னும் புரதத்துடன் பிணைந்து, ஆக்டின் இழைமீது மயோசின் பற்றுவதற்கான தடையை நீக்குகிறது. ட்ரோபோனினை 1960களில் கண்டறிந்தவர் ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷி. இதுவரை இரு தசைகளுக்கும் கதை ஒன்றே.

வேறுபாடு இதற்கு முந்தைய படியில் உள்ளது. செல்சவ்வு உள்நோக்கிக் குழிந்து குறுக்குக் குழல்களாக அமைகிறது. அக்குழலின் சவ்வில் எல் வகைக் கால்சியம் கால்வாயும், அதனை எதிர்நோக்கிச் சார்கோபிளாச வலையின் சவ்வில் ரையனோடின் ஏற்பியும் உள்ளன. இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 12 நானோமீட்டர். ரையனோடின் ஏற்பி என்பது ஏறத்தாழ 5,000 அமினோ அமிலங்கள் கொண்ட துணையலகுகள் நான்கு சேர்ந்த பெரும் புரதம்; சேமிப்பறையின் மதகு அதுவே.

இதயத்தில் எல் வகைக் கால்வாயின் வடிவம் கேவி 1.2 எனப்படுகிறது. மின்னழுத்தம் மாறும்போது இக்கால்வாய் திறந்து சிறிதளவு கால்சியம் உள்ளே வருகிறது. அக்கால்சியம் ரையனோடின் ஏற்பி 2ஐத் திறக்க, சேமிப்பறையிலிருந்து பெருமளவு கால்சியம் வெளிப்படுகிறது. கால்சியமே கால்சியத்தை வெளிக்கொணரும் இம்முறையை ஃபாபியாட்டோ 1980களின் தொடக்கத்தில் விரிவாக நிறுவினார். மனித இதயத்தின் ஒரு துடிப்புக்குத் தேவையான கால்சியத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு சேமிப்பறையிலிருந்தும், எஞ்சியது பெரிதும் வெளியிலிருந்தும் வருவதாக மதிப்பிடப்படுகிறது. எலியின் இதயத்தில் சேமிப்பறையின் பங்கு 90 விழுக்காட்டுக்கும் மேல். எலியில் பெற்ற முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்தும் ஆய்வாளர் நினைவிற்கொள்ள வேண்டிய எண்கள் இவை.

எலும்புத் தசையில் உள்ள கேவி 1.1, ரையனோடின் ஏற்பி 1உடன் இயந்திரவியல் முறையில் தொடர்புற்றுள்ளது. மின்னழுத்தம் மாறும்போது கேவி 1.1இன் மின்னூட்டம் பெற்ற பகுதி நகர்கிறது. அந்நகர்வு ஏற்பியை நேரடியாகத் திறக்கிறது. கால்சியம் அக்கால்வாயின் வழியே நுழையவேண்டும் என்னும் தேவை இல்லை.

இதனைத் தெளிவாகக் காட்டிய சோதனை, பிறவியிலேயே கேவி 1.1 அற்ற எலிகளைக் கொண்டு நிகழ்ந்தது. இவ்வெலிக்குட்டிகள் மூச்சுத் தசை இயங்காமல் பிறந்தவுடன் இறந்துவிடும். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷோசாகு நூமா குழுவினர் 1987இல் முயலின் எலும்புத் தசையிலிருந்து இக்கால்வாயின் மரபுச் செய்தியைப் பிரித்தெடுத்தனர். மறு ஆண்டு தனாபே, பீம், பவெல், நூமா ஆகியோர் அதனை அவ்வெலிகளின் தசைச் செல்லில் செலுத்தியபோது சுருங்கும் திறன் மீண்டது. 1990இல் அதே செல்லில் எலும்புத் தசையின் கால்வாய்க்கு மாற்றாக இதயத்தின் கால்வாயைச் செலுத்தினர். செல் சுருங்கியது, ஆனால் வெளிக்கால்சியத்தை நீக்கியதும் நின்றது. கால் தசைச் செல் இதயத்தைப் போல நடந்துகொண்டது. சுருங்கும் பொறி, சேமிப்பறை, மதகு எல்லாம் முன்போலவே இருக்க, ஒரே ஒரு புரதத்தை மாற்றியதனால் இயக்க முறையே மாறிவிட்டது. உடலியங்கியலில் இத்துணை எளிய வடிவமும் இத்துணைத் தெளிவான விடையும் கொண்ட சோதனைகள் மிகச் சில.

இதற்கு வலுச்சேர்க்கும் செய்தி மீன்களிலிருந்து வருகிறது. உயர்நிலை எலும்பு மீன்களின் கேவி 1.1 கால்சியத்தைக் கடத்துவதே இல்லை. அவற்றில் அது முழுமையான நெம்புகோல். பாலூட்டிகளின் கேவி 1.1 சிறிதளவு கால்சியத்தைக் கடத்துகிறது. அக்கடத்தலை மட்டும் மரபணு மாற்றத்தால் நீக்கிய எலிகளின் தசைத்திறனில் குறை ஏதும் தோன்றவில்லை என 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.

கால்சியம் தடுப்பான்கள் கால்களைத் தளர்த்தாதது ஏன்?

1960களில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃபிளெக்கென்ஸ்டைன், வெராபமில் முதலிய மருந்துகள் இதயத்தில் ஏற்படுத்தும் விளைவு கால்சியத்தை நீக்கிய விளைவை ஒத்திருப்பதைக் கண்டு, அவற்றிற்குக் 'கால்சியம் எதிர்ப்பான்' என்று பெயரிட்டார். நிஃபெடிபின், டில்டியசெம், அம்லோடிபின் ஆகியவை இவ்வரிசையில் அடங்குவன. இவற்றுள் அம்லோடிபின் இன்று இரத்த அழுத்தத்திற்குப் பெரிதும் வழங்கப்படும் மாத்திரைகளுள் ஒன்று.

இங்கே ஒரு முரண் உண்டு. அம்லோடிபின் சேர்ந்த டைஹைட்ரோபிரிடின் வகை மருந்துகள் பிணையும் இடங்கள் உடலில் மிகச் செறிந்திருப்பது எலும்புத் தசையின் குறுக்குக் குழல்களில்தான். முயலின் எலும்புத் தசையிலிருந்து இக்கால்வாய் முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டதற்கும் அச்செறிவே காரணம். அங்ஙனமாயின் அம்லோடிபின் உட்கொள்ளும் பல கோடி மக்கள் படியேற இயலாமல் தளரவேண்டுமல்லவா? அவ்வாறு நிகழ்வதில்லை. கால்சியம் நுழைவதை மருந்து தடுத்தாலும், எலும்புத் தசைக்கு அந்நுழைவே தேவையில்லை. நெம்புகோல் அசைந்தால் போதுமானது. இரத்தக் குழாயின் மென்தசையோ நுழையும் கால்சியத்தைச் சார்ந்தது. ஆதலின் அது தளர்கிறது, அழுத்தம் குறைகிறது. மென்தசையின் சவ்வு மின்னழுத்தம் எப்போதும் சற்றுக் குறைந்த நிலையில் இருப்பதனால் டைஹைட்ரோபிரிடின்கள் அங்கு எளிதில் பிணைகின்றன என்பதும் துணைக்காரணம்.

மயக்கமருந்து வெப்பமிகைவு

1960இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் காலெலும்பு முறிந்து வந்த 21 வயது இளைஞர் ஒருவர், எலும்பு முறிவைவிட மயக்க மருந்துக்கே பெரிதும் அஞ்சினார். அவருடைய உறவினருள் 10 பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தனர். அக்காலத்தில் புதிதாக வந்திருந்த ஹாலோதேன் அவருக்கு வழங்கப்பட்டது. சில நிமிடங்களிலேயே அவர் நிலை மோசமடைந்தது. மயக்கத்தை நிறுத்தி உடலைக் குளிரூட்டியதால் உயிர் பிழைத்தார். டென்பரோவும் லவெலும் 'லான்செட்' இதழில் இதனை எழுதிய பின்னரே, இது குடும்பவழி வரும் தனி நோய் என்பது மருத்துவ உலகிற்குப் புலனாயிற்று. அந்நோயாளி சொன்னதைச் செவிமடுத்துக் குடும்ப வரலாற்றைத் தேடிச் சென்றதே இக்கண்டுபிடிப்பின் தொடக்கம் என்பது கருதத்தக்கது.

இந்நோய்க்கு உரியோரிடம் அன்றாட வாழ்வில் பெரும்பாலும் குறை எதுவும் தென்படாது. ரையனோடின் ஏற்பி 1இன் மரபணுவில் உள்ள பிறழ்வே பெரும்பான்மையோரிடம் காரணம். சிறுபான்மையோரிடம் கேவி 1.1இன் மரபணுவிலும், இவ்விரண்டையும் இணைக்க உதவும் ஸ்டாக் 3 என்னும் புரதத்தின் மரபணுவிலும் பிறழ்வுகள் காணப்படுகின்றன. நெம்புகோல், இணைப்பு, மதகு என்னும் மூன்றில் எது பழுதுற்றாலும் ஒரே நோய் தோன்றுவது, மூன்றும் ஒரே பொறியின் உறுப்புகள் என்பதற்குச் சான்றாகிறது. ஹாலோதேன், செவோஃபுளூரேன் போன்ற ஆவிநிலை மயக்க மருந்துகளோ, சக்சினைல்கோலின் என்னும் தசைத் தளர்த்தியோ செலுத்தப்பட்டால் இம்மதகு மூடாமல் நின்றுவிடுகிறது. செல்லினுள் பெருகும் கால்சியத்தை மீண்டும் சேமிப்பறைக்குள் ஏற்றக் கால்சியம் ஏற்றிப் புரதங்கள் இடைவிடாது இயங்கி ஏ.டி.பி. ஆற்றலைச் செலவிடுகின்றன. தசைகள் விறைக்கின்றன, கரியமில வாயு பெருகுகிறது, அமிலத்தன்மை கூடுகிறது, தசைச் செல்கள் சிதைந்து பொட்டாசியம் இரத்தத்தில் கலக்கிறது. பெயரில் 'வெப்பம்' இருந்தாலும் உடல் வெப்பம் ஏறுவது சில வேளைகளில் பிந்தியே தெரியும். வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு காரணமின்றி உயர்வதே பெரும்பாலும் முதல் அறிகுறி. பெயரை நம்பி வெப்பமானியை மட்டும் பார்த்திருப்பவர் காலம் தாழ்த்திவிடுவார்.

இந்நோயின் மூலக்கூற்று விளக்கம் பன்றிகளிடமிருந்து கிடைத்தது. இறைச்சிக்காகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட சில பன்றியினங்கள், வண்டியில் ஏற்றும் அதிர்ச்சியிலேயே விறைத்து இறந்தன. 1991இல் டொரண்டோவில் மக்லென்னன் குழுவினர் அவற்றின் ரையனோடின் ஏற்பி 1இல் 615ஆம் இடத்திலுள்ள ஆர்ஜினின் சிஸ்டீனாக மாறியிருப்பதைக் கண்டனர். அதற்கு இணையான மாற்றம் விரைவிலேயே மனிதக் குடும்பம் ஒன்றிலும் அறியப்பட்டது. மருந்தும் பன்றிகளின் வழியே வந்தது: 1975இல் தென்னாப்பிரிக்காவில் ஹாரிசன், டான்ட்ரோலீன் என்னும் தசைத் தளர்த்தி நோயுற்ற பன்றிகளைக் காப்பாற்றுவதைக் காட்டினார். டான்ட்ரோலீன் ரையனோடின் ஏற்பியின் மிகைத் திறப்பை அடக்குகிறது. அதன் வருகைக்கு முன் 70 விழுக்காட்டுக்கும் மேலிருந்த இறப்பு, அது உடனே கிடைக்கும் இடங்களில் 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

'உடனே கிடைக்கும்' என்பதில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. தொடக்க அளவு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2.5 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 150 மில்லிகிராம். பழைய வடிவத்தில் ஒரு குப்பிக்கு 20 மில்லிகிராம் வீதம் எட்டுக் குப்பிகள் வேண்டும். ஒவ்வொன்றையும் 60 மில்லிலிட்டர் தூய நீரில் கரைக்கவேண்டும். அது எளிதில் கரையாத மருந்து. அறுவை அரங்கில் ஒருவர் உயிருக்குப் போராடும்போது குப்பிகளைக் குலுக்குவதற்கென்றே சிலர் தேவைப்படுவர்.

மருந்து கைவசம் இல்லாதபோது, 'கால்சியம் மிகுந்ததே சிக்கலெனில் கால்சியம் தடுப்பானைச் செலுத்தலாமே' என்னும் எண்ணம் எழுவது இயல்பு. இவ்வெண்ணம் தவறானது, ஆபத்தானதும்கூட. வெராபமில் அடைப்பது செல்சவ்வின் வாயிலை. இந்நோயில் கால்சியம் வருவதோ உள்ளிருக்கும் சேமிப்பறையிலிருந்து. ஆதலின் தசையில் அதற்குப் பயனில்லை. அதற்கு மேலாக, டான்ட்ரோலீனுடன் வெராபமிலைச் சேர்த்துச் செலுத்தும்போது இரத்தப் பொட்டாசியம் கடுமையாக உயர்ந்து இதயம் தளர்வதை விலங்காய்வுகள் காட்டின. எனவே இந்நெருக்கடியில் கால்சியம் தடுப்பான்களைத் தவிர்க்குமாறு வழிகாட்டு நெறிகள் தெளிவாகக் கூறுகின்றன.

கால்சியம் குற்றவாளியல்லாத கால்சியம் கால்வாய் நோய்

இரவில் மாவுச்சத்து மிகுந்த உணவை வயிறார உண்டு, அல்லது பகலில் கடுமையாக உழைத்து உறங்கிய ஒருவர், விடியலில் கைகால்களை அசைக்க இயலாமல் விழிக்கிறார். இரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் தாழ்ந்திருக்கிறது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வலிமை திரும்புகிறது. குடும்பவழி வரும் பொட்டாசியக் குறைவுக் காலமுறை வாதத்தின் இயல்பு இது. (தைராய்டு மிகைப்பாலும் சிறுநீரகக் கோளாறாலும் இதேபோன்ற வாதம் தோன்றுவதுண்டு, அவற்றை முதலில் விலக்கிப் பார்த்தல் வேண்டும்.) 1994இல் இந்நோய்க் குடும்பங்கள் பலவற்றில் கேவி 1.1இன் மரபணுவில் பிறழ்வு கண்டறியப்பட்டது.

கால்வாயின் பிறழ்வு கால்சிய ஓட்டத்தைக் குறைத்து வாதத்தை உண்டாக்குகிறது என்றே முதலில் கருதினர். ஆனால் எலும்புத் தசைக்கு அவ்வோட்டம் தேவையற்றது என்பது முன்னரே தெரிந்த செய்தி. எனவே அவ்விளக்கம் பொருந்தவில்லை. பிறழ்வுகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே வகையிடத்தில், அதாவது மின்னழுத்தத்தை உணரும் பகுதியின் நேர்மின்னூட்ட ஆர்ஜினின்களில் அமைந்திருந்தன. ஒரு பெரிய ஆர்ஜினின் நீங்கிச் சிறிய அமினோ அமிலம் அமரும்போது, அப்பகுதி நகரும் பொந்தில் சிறு இடைவெளி உண்டாகிறது. அதன் வழியே நேர்மின் அயனிகள் கசிகின்றன. இதே நோயை உண்டாக்கும் சோடியம் கால்வாய்ப் பிறழ்வுகளில் இக்கசிவு 2007இல் காட்டப்பட்டது, கேவி 1.1 பிறழ்வுற்ற எலிகளில் 2012இல் உறுதியாயிற்று.

கசிவு மிகச் சிறியது. பொட்டாசியம் இயல்பளவில் உள்ளவரை சவ்வு அதனை ஈடுகட்டிக்கொள்கிறது. உணவின் பின் சுரக்கும் இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளி இரத்தத்தில் அதன் அளவைத் தாழ்த்தும்போது, ஈடுகட்டும் பொட்டாசிய ஓட்டம் வலுவிழக்கிறது. சவ்வின் ஓய்வு மின்னழுத்தம் சரிகிறது, சோடியம் கால்வாய்கள் முடங்குகின்றன, தசை நரம்பின் கட்டளைக்குச் செவிசாய்ப்பதில்லை. இவ்விளக்கத்திலிருந்து ஒரு நடைமுறை எச்சரிக்கை பிறக்கிறது. வாதத்துடன் வந்தவருக்குப் பொட்டாசியத்தைக் குளுக்கோஸ் கரைசலில் கலந்து ஏற்றினால் குளுக்கோஸ் இன்சுலினைத் தூண்டி நிலையை மேலும் மோசமாக்கக்கூடும். இயன்றவரை வாய்வழியே பொட்டாசியம் தருவதே விரும்பத்தக்கது.

இதயத்தில் மதகு கசிந்தால்

ரையனோடின் ஏற்பி 1இன் கசிவு தசையை விறைக்கச் செய்கிறது. அதன் இணையான ரையனோடின் ஏற்பி 2 கசிந்தால் விளைவு வேறு. சேமிப்பறையிலிருந்து ஓய்வு வேளையில் வெளிப்படும் கால்சியத்தைச் சோடியம்-கால்சியம் மாற்றிப் புரதம் செல்லுக்கு வெளியே தள்ளுகிறது. ஒரு கால்சியத்திற்கு மாற்றாக மூன்று சோடியம் அயனிகள் உள்ளே வருவதால் செல்லினுள் நேர்மின்னூட்டம் கூடுகிறது; வேண்டாத நேரத்தில் ஒரு துடிப்பு பிறக்கிறது. இத்தகைய துடிப்புகள் தொடர்ந்தால் கீழறை மிகைத்துடிப்பும் திடீர் மரணமும் நேரலாம்.

கூமெல் குழுவினர் 1978இல் விவரித்த அட்ரினலின் தூண்டும் கீழறை மிகைத்துடிப்பு நோய் இதுவே. 2001இல் ரையனோடின் ஏற்பி 2இன் பிறழ்வுகளும், அதே ஆண்டில் வட இஸ்ரேலின் பெதூயின் குடும்பங்களில் சேமிப்பறையினுள் கால்சியத்தைப் பிணைத்துவைக்கும் கால்செக்வெஸ்ட்ரின் 2இன் பிறழ்வும் கண்டறியப்பட்டன. பின்னது பெற்றோர் இருவரிடமிருந்தும் பிறழ்ந்த மரபணு வந்தால் மட்டுமே நோயாகும் வகை. நெருங்கிய உறவில் மணம் புரியும் சமூகங்களில் வெளிப்படும் வாய்ப்பு மிகுதி. உறவுமுறைத் திருமணம் இன்றும் வழக்கிலுள்ள தமிழகத்திலும் இச்செய்தி கவனத்திற்குரியது.

இந்நோயின் கொடுமை அதன் மறைவில் உள்ளது. இதயத்தின் அமைப்பில் குறையில்லை. ஓய்வில் எடுக்கும் இ.சி.ஜி. இயல்பாகவே இருக்கும். ஓடும்போதோ நீந்தும்போதோ அச்சத்திலோ அட்ரினலின் பெருகும் வேளையில் மட்டுமே குழந்தை மயங்கி விழும். விழுந்த குழந்தையின் கைகால்கள் வெட்டியிழுத்தால் வலிப்பு நோய் என்று முடிவுசெய்து ஆண்டுக்கணக்கில் வலிப்பு மருந்து கொடுக்கப்பட்ட நேர்வுகள் மருத்துவ இலக்கியத்தில் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளன. மயங்கியது எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது என்னும் இரு கேள்விகளும், உடற்பயிற்சியின்போது எடுக்கும் இ.சி.ஜி.யும் நோயைக் காட்டிக்கொடுக்கும். நடோலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் முதன்மை மருந்து. அவை போதாதபோது ஃபிளெக்கைனைடு சேர்க்கப்படுகிறது. இதயத்திற்குச் செல்லும் இடப்புறப் பரிவு நரம்பை நீக்கும் அறுவையும், உள்பதிக்கும் அதிர்வுக் கருவியும் அடுத்த நிலைகள். கருவியின் அதிர்ச்சியே அச்சத்தையும் அட்ரினலினையும் பெருக்கி மேலும் மிகைத்துடிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் அதனைத் தனியே நம்புவது நன்றன்று.

வாயிலாகிய கேவி 1.2இன் பிறழ்வு அரிது. 2004இல் விவரிக்கப்பட்ட திமோத்தி நோய்க்குறித் தொகுப்பில், இக்கால்வாயின் 406ஆம் இடத்துக் கிளைசின் ஆர்ஜினினாக மாறியதனால், திறந்த வாயில் உரிய நேரத்தில் மூடுவதில்லை. ஒவ்வொரு துடிப்பின் மின்நிகழ்வும் நீள்கிறது. இக்கால்வாய் இதயத்துக்கு மட்டும் உரியதன்று. ஆதலின் ஒட்டிய விரல்களும் தற்புனைவு நிலையும் உடன்காணப்படுகின்றன. முதலில் விவரிக்கப்பட்டவருள் உயிரிழந்த குழந்தைகளின் சராசரி வயது 2.5 ஆண்டுகள். ஒட்டிய விரல்களைப் பிரிக்க மயக்கம் கொடுக்கும்போதே இதயக் கோளாறு முதன்முதல் வெளிப்பட்ட குழந்தைகளும் உண்டு. கைவிரல் அறுவைக்கு முன் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதயச் செயலிழப்பு

மேற்கூறியவை அரிய நோய்கள். இதயச் செயலிழப்பு அரிதன்று. தளர்ந்த இதயத்தில் குறுக்குக் குழல்களின் ஒழுங்கு குலைகிறது. வாயிலும் மதகும் ஒன்றையொன்று எதிர்நோக்கும் அமைப்பு சிதைகிறது. சேமிப்பறைக்குள் கால்சியத்தை ஏற்றும் செர்கா 2ஏ புரதம் குறைகிறது. எனவே ஒவ்வொரு துடிப்புக்கும் வெளிப்படும் கால்சியம் குறைந்து சுருக்கம் வலுவிழக்கிறது. இந்நிலையில் வெராபமிலோ டில்டியசெமோ கொடுத்தால் நுழையும் சிறிதளவு கால்சியமும் குறைகிறது. சுருங்குதிறன் குன்றிய இதயச் செயலிழப்பில் இவை தவிர்க்கப்படுவதன் காரணம் இதுவே. இரத்தக் குழாயை மிகுதியும் நாடும் அம்லோடிபின் அத்தகைய தீங்கை விளைவிக்கவில்லை என 1996இல் வெளியான பிரெய்ஸ் ஆய்வு காட்டியது. இரண்டும் 'கால்சியம் தடுப்பான்' என்னும் ஒரே பெயரின்கீழ் வருவன என்பது குறிப்பிடத்தக்கது.

ரையனோடின் ஏற்பி 2 மிகையாகப் பாஸ்பேட் ஏற்றம் பெற்றுக் கசிவதே செயலிழப்பின் காரணம் என்று மார்க்ஸ் குழுவினர் 2000இல் முன்வைத்த கருதுகோள் பெரும் விவாதத்தை எழுப்பியது. கசிவு உண்டு என்பதில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர். எந்த அமினோ அமிலத்தில் ஏற்படும் பாஸ்பேட் ஏற்றம் அதற்குக் காரணம் என்பதில் ஆய்வகங்கள் நேர்முரணான முடிவுகளை வெளியிட்டுள்ளன. கருதுகோளின் கவர்ச்சி சான்றைவிட விரைவாகப் பரவியது என்றே கூறத்தோன்றுகிறது. டூசேன் தசைச்சிதைவு நோயிலும் ரையனோடின் ஏற்பி 1 கசிவதாகக் கூறும் ஆய்வுகள் உள்ளன. ஆயினும் அங்கு அடிப்படைக் குறை டிஸ்ட்ரோஃபின் என்னும் வேறொரு புரதத்தில் இருக்கிறது.

குறைந்த செர்கா 2ஏவை மரபணு வழியே மீட்கும் முயற்சி பெரும் நம்பிக்கையுடன் தொடங்கப்பட்டது. தீங்கற்ற வைரசில் அம்மரபணுவை ஏற்றி, இதயத் தமனிகளின் வழியே ஒரே முறை செலுத்தினர். சிறிய அளவிலான முதற்கட்ட ஆய்வு நற்பலன் காட்டியது. 250 நோயாளிகளைக் கொண்ட குபிட் 2 ஆய்வின் முடிவு 2016இல் வெளியானபோது, மரபணு பெற்றவர்க்கும் பொய்மருந்து பெற்றவர்க்கும் இடையே வேறுபாடு எதுவும் இல்லை. பின்னர் ஆராயக் கிடைத்த சில நோயாளிகளின் இதயத் திசுக்களில் செலுத்தப்பட்ட மரபணு மிகச் சொற்ப அளவிலேயே காணப்பட்டது. எனவே, செர்கா 2ஏவைப் பெருக்குவதால் மனித இதயம் தேறுமா என்னும் வினாவை அந்த ஆய்வு உண்மையில் சோதிக்கவே இல்லை எனலாம். மரபணுவை இதயச் செல்களில் போதிய அளவு சேர்ப்பிக்கும் வழி முதலில் வேண்டும்.